முட்டுவலி அம்மா, ஒன்றரை வயதுப் பாப்பா: திருவனந்தபுரம் மிருகசாலைக்கு ஒரு நாள் பயணம்

கேள்வி இது: மார்த்தாண்டத்திலிருந்து ஐந்து பேர் போகிறார்கள். கணவன், மனைவி, முட்டுவலி உள்ள 68 வயது அம்மா, ஆறு வயதுப் பையன், ஒன்றரை வயதுப் பாப்பா. திருவனந்தபுரம் மிருகசாலை முழுக்க மேடும் பள்ளமும் என்று பயமுறுத்துகிறார்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா?

முடியும். அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஆனால் மிருகங்களின் வரிசைப்படி திட்டம் போடாதீர்கள். மேட்டையும் வெயிலையும் பார்த்துத் திட்டம் போடுங்கள். அங்கே போய் நொந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தால் நோவதில்லை. கால் தெம்பாக இருந்த காலை நேரத்தை வாசல் பக்கத்திலேயே செலவழித்துவிட்டு, பதினொன்றரை மணிக்குப் பள்ளத்தில் இறங்கி, உச்சி வெயிலில் அந்த ஏற்றத்தை ஏற வேண்டி வருவதால்தான் நோகிறார்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலேயே, உத்திரம் திருநாள் மகாராஜா ஆட்சியில் 1857-ல் தொடங்கியது இந்த மிருகசாலை. இந்தியாவின் மிகப் பழைய மிருகசாலைகளில் ஒன்று. அருங்காட்சியகமும் பூங்காவும் சேர்ந்த வளாகம் சுமார் 55 ஏக்கர். வண்டலூரோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் வண்டலூர்ப் பாதை பெரும்பாலும் சமதளம். இங்கே குன்றின் சரிவிலேயே கூடுகளும் அடைப்புகளும் அமைந்திருக்கின்றன. நடுவே ஒரு ஏரி. தண்ணீர் கிடக்கும் இடம்தானே பள்ளம்? ஏரியை நோக்கிப் போகிற பாதையெல்லாம் இறக்கம், ஏரியை விட்டு விலகுகிற பாதையெல்லாம் ஏற்றம். கையில் வரைபடம் இல்லாவிட்டாலும் இந்த ஒரு கணக்கை வைத்தே வழியைத் தீர்மானிக்கலாம்.

முதலில் நாள். திங்கட்கிழமை விடுமுறை. மார்த்தாண்டத்திலிருந்து போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திங்களோடு புதன்கிழமை காலையும் விடுமுறை, புதனன்று மதியத்துக்கு மேல்தான் திறக்கும். செவ்வாய், வியாழன், வெள்ளி நல்ல நாட்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கேதான் இருக்கும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு, பலர் அதை யோசிப்பதில்லை. நமக்கு விடுமுறையாகவும் கேரளத்துக்கு வேலைநாளாகவும் வருகிற நாட்கள் சில இருக்கின்றன. டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா, மாசி 20 வைகுண்டசாமி பிறந்தநாள், இந்த இரண்டும் நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. பொங்கலுக்கு அடுத்த இரண்டு நாளும் தமிழ்நாட்டில் விடுமுறை, அங்கே பள்ளிக்கூடம் நடக்கும். அந்தத் தேதி சனி, ஞாயிறிலோ திங்களிலோ விழவில்லை என்றால், பையனுக்கு வகுப்பும் போகாது, உள்ளே நெரிசலும் இருக்காது. தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மாசியில் பூரம் நட்சத்திரத்தன்று வரும் ஆற்றுகால் பொங்காலை. நம் ஊர்ப் பெண்களே ஆயிரக்கணக்கில் போவதால் அன்று ரயிலிலும் பஸ்சிலும் கால்வைக்க இடமிருக்காது. மற்றது ஓண வாரம். மிருகசாலையை ஒட்டிய கனகக்குன்றில்தான் அரசின் ஓணக் கொண்டாட்டம் நடக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஏப்ரல், மே இரண்டு மாநிலத்துக்கும் கோடை விடுமுறை. வெயிலோடு மதியத்துக்கு மேல் இடிமழையும் சேரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள காலமே இந்தக் குன்றுக்கு ஏற்றது. கிளம்புவதற்கு முந்தின இரவு, மறுநாள் ஹர்த்தால் ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று செய்தியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போகிற வழிக்கு என் விருப்பம் ரயில்தான். குழித்துறை ஸ்டேஷனில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம் சென்ட்ரல். முன்பதிவில்லாத டிக்கெட்டைப் போனிலேயே எடுக்கலாம். சாலை வழி 40 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரம் சந்திப்பும் காலை நேரத்தில் எவ்வளவு தின்னும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாப்பாவுக்கு வயிற்றைப் புரட்டும் பழக்கம் இருந்தால் அந்த நின்று நின்று நகரும் ஓட்டம் இன்னும் மோசம். கார்தான் என்றால் ஏழு மணிக்கே மார்த்தாண்டத்தை விட்டுவிடுங்கள். வாடகை வண்டி என்றால் கேரள பர்மிட் எடுத்திருக்கிறாரா என்று டிரைவரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எல்லையில், களியக்காவிளையில், நேரம் போகும்.

சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கியதும் ஆட்டோ. அங்கே மீட்டர் போட்டு ஓட்டுவார்கள், ஸ்டேஷன் வாசலில் பிரீபெய்டு கவுண்டரும் உண்டு. மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். டவுன் பஸ் என்றால் பாளையம் வழியாக வெள்ளயம்பலம் பக்கம் போகிற எதிலும் ஏறி “மியூசியம்” என்று கேளுங்கள், போதும். எப்படிப் போனாலும் கேட் திறக்கிற ஒன்பது மணிக்கு வாசலில் நில்லுங்கள். ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் உள்ள இரண்டு மணி நேரம்தான் அன்றைய தங்க நேரம். அப்போது மிருகங்களும் விழித்திருக்கும், உங்கள் கால்களும் விழித்திருக்கும்.

இனி முட்டு. ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். “ஏறும்போது வண்டி பிடிக்கலாம், இறங்கும்போது பைய நடந்துவிடலாம்” என்று அம்மாவை இறக்கத்தில் நடக்கவிடுவார்கள். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் மடங்கிய முட்டு, உடம்பின் எடை முழுவதையும் தாங்கிப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. முட்டுச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் அப்போதுதான் கூடுகிறது. அம்மாவுக்கு வலி முட்டில் மட்டும் என்றால் பேட்டரி வண்டியை இறக்கத்துக்குப் பயன்படுத்துங்கள், ஏற்றத்தை ஒரு கம்பை ஊன்றி நிதானமாக ஏறிவிடுவார். நெஞ்சுக்கோ மூச்சுக்கோ மருந்து சாப்பிடுகிறவர் என்றால் இதற்கு நேர்மாறு. உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது, ஆனால் நினைத்த நேரத்தில் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே எங்கே ஏறுவது, நடுவில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாமா, எவ்வளவு கட்டணம் என்று கேட்டுவிடுங்கள். வண்டி கிடைக்காமல் இறக்கத்தில் நடக்க வேண்டி வந்தால் பாதையின் அகலத்தைப் பயன்படுத்தி இடமும் வலமுமாகச் சாய்த்து இறங்கச் சொல்லுங்கள். எடுத்து வைக்கும் அடி சிறிதாக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு உட்கார்வு. வலி வந்த பிறகு உட்காருவதில் பெரிய பயன் இல்லை, வருவதற்கு முன் உட்கார வேண்டும்.

செருப்பு விஷயத்தில் இரக்கம் காட்டாதீர்கள். அடி தேய்ந்த ரப்பர் செருப்பு இந்தச் சரிவுக்கு ஆகாது. பெரிய மரங்களின் நிழலில் பாதையோரம் பாசி பிடித்திருக்கும், மழை பெய்த மறுநாள் வழுக்கும். குதிகாலை வார் பிடிக்கிற செருப்பே நல்லது. அன்றைக்கென்று புது ஷூ வாங்கிப் போடுவதும் வேண்டாம், இறக்கத்தில் விரல் நுனி முன்னால் இடித்துக் கொப்புளம் கட்டும்.

பாப்பாவுக்குத் தள்ளுவண்டியா, தூக்குவதா? பத்து கிலோ பிள்ளையும் ஏழு கிலோ வண்டியும் சேர்ந்தால் பதினேழு கிலோவை ஏற்றத்தில் தள்ளுகிறீர்கள். ஆனாலும் மதியத்துக்கு மேல் பாப்பா தூங்கிவிட்டால் தோளில் போட்டு நடப்பதைவிட அது மேல். மடக்கக்கூடிய லேசான வண்டியாக எடுத்துப் போங்கள். இறக்கத்தில் ஒரு தோர்த்தை (துண்டை) எடுத்து, ஒரு முனையை வண்டியின் கைப்பிடியிலும் மறுமுனையை உங்கள் மணிக்கட்டிலும் கட்டுங்கள். கை வியர்த்து நழுவினாலும் வண்டி ஓடாது. நிறுத்தும்போது சரிவுக்குக் குறுக்காக நிறுத்த வேண்டும். சரிவு போகிற திசையிலேயே நிறுத்திவிட்டு பிரேக்கை நம்பினால், சக்கரம் பூட்டியபடியே வண்டி சறுக்கும். கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிடாதீர்கள். ஏற்றத்தில் பிள்ளையோடு பின்பக்கம் கவிழ்வது பெரும்பாலும் அதனால்தான்.

சுமையைக் குறைப்பது தனிக் கலை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து பேருக்கு எட்டு லிட்டர் கட்டிக்கொண்டு குன்றேறுவது வீண் வேலை. வாசலுக்கு வரும்போதே எல்லோரும் வயிறு நிறையக் குடித்துவிடுங்கள், நான்கு லிட்டரைப் பெரியவர்கள் இருவரும் பிரித்துத் தூக்குங்கள், தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். எவர்சில்வர் பாட்டில் நல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரி முதலே கேரளத்தில் தடை, மிருகசாலைக்குள் இன்னும் கண்டிப்பு. மரநிழல் இருக்கிறதே, தாகம் எடுக்காது என்று எண்ண வேண்டாம். ஏரிப் பக்கம் காற்று அசையாத இடத்தில் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். உடம்பு குளிராமல் மேலும் மேலும் வியர்த்துக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை பையனுக்கு நாலு வாய் தண்ணீர், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

ஓ.ஆர்.எஸ். எடுத்துப் போகிறவர்கள் பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைக் கையில் இருக்கும் அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தால் உப்பு இரட்டிப்பாகி வாந்தியும் மயக்கமும் வரலாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

சாப்பாட்டுக்கு வாழையிலையில் கட்டும் பொதிச்சோறுதான் சரி. இலையைத் தணலில் வாட்டி எடுங்கள், பச்சை இலை மடிக்கும்போது கிழியும். சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி அடங்கிய பிறகே பொதிய வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே நீர் கோர்த்து பன்னிரண்டு மணிக்கே ஒரு வாடை வரும். பச்சைத் தேங்காய் அரைத்த சட்னியும் அவியலும் வேண்டாம். தேங்காயை மிளகாயோடு சிவக்க வறுத்து, தண்ணீர் தொடாமல் அரைத்த சம்மந்தி (துவையல்) மாலை வரை கெடாது. தயிர்ச்சோறு கட்டுவதென்றால் பால் விட்டுப் பிசைந்து இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள், மதியம் புளிப்பு சரியாக இருக்கும். பாப்பாவுக்கு மட்டி வாழைப்பழத்தை மிஞ்ச வேறொன்றும் இல்லை. தோலோடு வருகிறது, பிசைய ஸ்பூன் வேண்டாம், வயிற்றுக்கும் இதம்.

உள்ளே எதைப் பார்ப்பது? இருக்கிற அத்தனை அடைப்புக்கும் ஐந்து ஐந்து நிமிடம் கொடுத்தாலே நேரம் கையை விட்டுப் போய்விடும். பாப்பா நீங்கலாக நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு மிருகம் சொல்லட்டும். அந்த எட்டும் உறுதி, வழியில் கிடைப்பதெல்லாம் மேல்வரும்படி. அந்த எட்டில் பள்ளத்திலும் தூரத்திலும் இருப்பவற்றுக்கு முதலில் போங்கள், அங்கிருந்து வாசலை நோக்கிப் பார்த்துக்கொண்டே ஏறி வாருங்கள். வாசல் பக்கத்துக் கூடுகளைப் பையன் பிடித்து இழுப்பான், “திரும்பி வரும்போது” என்று சொல்லிவிடுங்கள். பதினொன்றுக்குள் பெரிய ஏற்றம் முடிந்திருக்க வேண்டும்.

புலியும் சிங்கமும் இருக்கும் பக்கத்துக்கு நேரத்தோடே போய்விடுங்கள். சிங்கம் நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கக்கூடிய பிராணி. வெயில் ஏறிய பிறகு போனால் புல்லுக்குள் ஒரு காது மட்டும் தெரியும். நீர்யானைக்கு அவசரம் வேண்டாம், அது பகலெல்லாம் தண்ணீரில்தான். தோல் காய்ந்தால் அதற்கு ஆகாது. குளம் வெறுமையாகத் தெரிந்தால் “ஒன்றுமில்லை” என்று நகர்ந்துவிடாதீர்கள். அது மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது ஐந்து நிமிடம் போல. அந்த ஐந்து நிமிடம் கம்பியருகே பேசாமல் நின்றால் முதலில் இரண்டு காது மேலே வரும், சுழன்று தண்ணீரை உதறும், பிறகு மூக்குத்துளை திறந்து புஸ்ஸென்று காற்று வரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய காட்சி கிடையாது.

குரங்குகளிடம் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே இருக்கும் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் நம் மலைகளின் சொந்தக்காரர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாதவை. நமக்குப் பக்கத்துக் களக்காட்டுக் காடுகளில் இன்றும் வாழ்கின்றன. இரண்டும் கறுப்பு என்பதால் பலருக்குக் குழப்பம். முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் குட்டை, நுனியில் ஒரு குஞ்சம் என்றால் சிங்கவால் குரங்கு. பிடரி இல்லாமல், தலைமயிர் மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பாக, வால் நீளமாகத் தொங்கினால் கருமந்தி. பையனை வாலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பெயர்ப்பலகைகளில் ஒரு சிக்கல் வரும். மலையாளத்தில் ‘கடுவா’ என்றால்தான் நாம் சொல்லும் வேங்கைப்புலி. ‘புலி’ என்று எழுதியிருந்தால் அது சிறுத்தை. யாராவது “புலி அந்தப் பக்கம்” என்று வழிகாட்டினால் சிறுத்தையின் முன்னால் போய் நிற்பீர்கள், கடுவா என்றே கேளுங்கள். ‘ம்லாவு’ நம் மிளாதான், பள்ளிப் புத்தகத்துக் கடமான். ‘காட்டுபோத்து’ காட்டெருமை. ‘ஒட்டகபட்சி’ நெருப்புக்கோழி. ‘வேழாம்பல்’ இருவாச்சி.

பாம்புக் கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். பாம்பை நடுவில் தேடாதீர்கள். தண்ணீர்ச் சட்டியின் விளிம்பு, கண்ணாடி சுவரோடு சேரும் மூலை, கிளை கவைபிரியும் இடம், இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். கண்ணாடியைத் தட்டக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கேட்கும். பாம்புக்கு வெளிக்காது இல்லை, அதிர்வு அதன் உடம்பு வழியாகவே ஏறுகிறது. தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அதற்கு மேலே விழுகிற அடி போல. அதேபோல மானுக்கோ குரங்குக்கோ எதையும் போடாதீர்கள். உப்பு ஒட்டிய பிஸ்கட் கவரை மான் கவரோடு விழுங்கும், அது அசைபோடும் வயிற்றிலேயே தங்கி இரையை அடைத்துவிடும். வெளியே பார்க்க மான் நன்றாகத்தான் நிற்கும், அதுதான் கொடுமை. தடுப்புக் கம்பி மேல் பிள்ளையை உட்காரவைத்துக் காட்டுவதும் வேண்டாம். தூக்கி இடுப்பில் வைத்து, ஓரடி பின்னால் நின்று காட்டுங்கள்.

கழிப்பறை பற்றி வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். குன்றான இடத்தில் அன்றைய திட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். பள்ளத்தில் நிற்கும்போது பையன் “ஒண்ணுக்கு” என்பான், வந்த ஏற்றத்தை மறுபடி ஏற வேண்டும். தேவை வரட்டும் என்று காத்திராமல், கண்ணில் படுகிற ஒவ்வொன்றிலும் போய்விட்டு நகர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் சேர்த்து.

பையனின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் நம்பரை எழுதுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று ரயிலிலேயே இரண்டு தடவை சொல்லிக்கொடுங்கள். பிள்ளையும் ஓடி நீங்களும் ஓடினால் சரிவான வளைவுப் பாதைகளில் ஒருவரையொருவர் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள், பார்க்காதது பாக்கி இருந்தாலும். மறுபடி உள்ளே போக நினைத்தால் அதே டிக்கெட் செல்லுமா என்று வெளியேறும் முன் வாசலில் கேளுங்கள். நிழல் பார்த்து உட்கார்ந்து பொதியைப் பிரியுங்கள், இலையைத் தொட்டியில் போடுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் யாரும் நடக்க வேண்டாம். பிறகு நேப்பியர் அருங்காட்சியகம். சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1880-ல் கட்டி முடித்த கட்டடம், வெயிலை உள்ளே விடாமல் காற்றை மட்டும் விடுகிற அமைப்பு. மதிய வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் அந்த வளாகத்தில் இல்லை. வெண்கலச் சிலைகளையும் தந்த வேலைப்பாடுகளையும் அம்மா நிதானமாகப் பார்க்கட்டும். அவருக்குத் தெம்பிருந்தால் பக்கத்திலேயே ராஜா ரவிவர்மா கலைக்கூடம், ரவிவர்மாவின் மூல ஓவியங்களை நேரில் பார்க்கலாம். பையன் அதற்குள் பொறுமை இழந்திருப்பான். ஒருவர் அவனோடு வெளியே புல்தரையில் நில்லுங்கள், இருவருமாக உள்ளே இழுத்துப் போக வேண்டாம்.

நாலு மணிக்குள் தம்பானூர் திரும்பிவிட்டால் அலுவலகம் விடுகிற கூட்டத்துக்கு முன் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். ஐந்தரைக்கு மேல் நாகர்கோவில் பக்கம் போகிற வண்டிகளில் முட்டுவலிக்காரர் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும். நடுவில் அரை மணி மிச்சம் என்றால் பஸ் ஸ்டாண்டு அருகே இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது, லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த செங்கல் கோபுரம். சுருள் சுருளாக ஏறும் சரிவின் ஓரத்திலேயே மேசைகள். பையன் மேலே மேலே ஓடப் பார்ப்பான், நீங்கள் அம்மாவுக்காகக் கீழேயே முதல் மேசையைப் பிடியுங்கள். பாப்பாவின் மாற்று உடுப்பையும் ஒரு தோர்த்தையும் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். குழித்துறை வருவதற்குள் அது கட்டாயம் தேவைப்படும்.